திசை மாறிய ஆற்றுப்படை: தாய்லாந்து செல்லும் தன்பால் ஈர்ப்புடைய ஆண்களுக்கான பயண வழிகாட்டிகள் – ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழில் பயண இலக்கியம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பயணி தன் அனுபவத்தைத் தானே கூறும் நூல்களையே எடுத்துக்கொள்கின்றன. அடுத்து வருபவனுக்கு வழி சொல்லும் நூல்கள் வெறும் பயன்பாட்டு நூல்கள் என ஒதுக்கப்படுகின்றன. ஆயினும் வழி சொல்லுதலையே ஓர் இலக்கியத் துறையாக வளர்த்தெடுத்த மொழி தமிழ். ஆதலால் இக்கால வழிகாட்டி எழுத்தை மதிப்பிடுவதற்குரிய அளவுகோலைத் தமிழ் மரபுக்கு உள்ளேயே தேட இடமுண்டு.

வெளிநாடு செல்லும் தன்பால் ஈர்ப்புடைய ஆண்களுக்கென எழுதப்படும் வழிகாட்டிகள் ஏறத்தாழ அறுபது ஆண்டு வரலாறு உடையவை. தங்குமிடம், மதுக்கூடம், மசாஜ் நிலையம் ஆகியவற்றின் பட்டியலும், அவ்வூரில் அண்மையில் நிகழ்ந்தவை பற்றிய செய்திக் குறிப்புகளுமே இவற்றின் இரு பெரும் உறுப்புகள். இவ்வகையில் மிகுதியாக எழுதப்பட்ட நகரங்களுள் ஒன்று பாங்காக். அந்நகரம் பற்றிய வழிகாட்டி எழுத்து யாருக்காகப் பேசுகிறது, யாரைப் பேசவிடவில்லை என்பதை ஆற்றுப்படை இலக்கணத்தின் துணையோடு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆற்றுப்படையின் மூன்று மாந்தர்

பரிசில் பெற்று மீளும் கலைஞர், வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞருக்குத் தாம் பெற்ற வளத்தைக் கூறி, அவரும் சென்று பெறுமாறு நெறிப்படுத்துவதே ஆற்றுப்படை எனத் தொல்காப்பியப் புறத்திணையியல் வரையறுக்கிறது. இவ்வமைப்பில் மூவர் உளர்: வழி சொல்பவர், கேட்பவர், சென்று காணப்படும் வள்ளல். முதலிருவரும் ஒரே தொழிலினர். ஒரே துன்பம் அறிந்தவர். சிறுபாணாற்றுப்படையில் உப்பின்றி வேகவைத்த கீரையைப் பிறர் காணாதவாறு கதவடைத்து உண்ணும் குடும்பத்தின் நிலை சொல்லப்படுகிறது. அந்த நாணத்தை அறிந்தவன் சொல்வதனாலேயே அவனுடைய சொல் நம்பத்தக்கதாகிறது.

வழியின் இடர்களையும் ஆற்றுப்படை மறைப்பதில்லை. மலைபடுகடாத்தில் பன்றிப் பொறி, பாம்பு, வழுக்கும் பாறை ஆகியன முறையே சுட்டப்படுகின்றன. தினைப்புனம் காப்போர் யானையை விரட்டக் கவணில் எறியும் கல் வழிப்போக்கர் மீது படக்கூடும் என்ற எச்சரிக்கையும் அங்குண்டு. அக்கல்லை எறிபவன் பயணியின் பகைவன் அல்லன். தன் வேலையைச் செய்பவன். வழியில் இருப்போர் வழிப்போக்கனுக்காக அங்கே இருக்கவில்லை, தத்தம் வாழ்வுக்காக இருக்கின்றனர் என்ற உணர்வு அவ்வெச்சரிக்கையில் அடங்கியுள்ளது. பின்வரும் ஆய்வுக்கு இவ்வுணர்வே அடிப்படை.

அச்சத்தில் பிறந்த கையேடு

அமெரிக்காவில் பாப் டேம்ரன் என்பவர் 1960களின் நடுப்பகுதியில் சட்டைப்பையில் அடங்கும் முகவரி நூல் ஒன்றை வெளியிடத் தொடங்கினார். 1970இல் தொடங்கிய ஸ்பார்ட்டகஸ் என்னும் வழிகாட்டி உலகின் பல நாடுகளையும் உள்ளடக்கியது. பிற்காலத்தில் பெர்லினிலிருந்து வெளிவந்து, 2017ஆம் ஆண்டுப் பதிப்போடு அச்சில் நின்றது. இவை தோன்றிய காலத்தில் ஆண்களுக்கிடையேயான உறவு பல மேலைநாடுகளிலேயே குற்றமாக இருந்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1967இல்தான் அது பகுதியளவில் குற்றப் பட்டியலிலிருந்து நீங்கியது. அமெரிக்கா முழுமையிலும் அத்தகைய சட்டங்கள் செல்லாதனவானது 2003இல். இந்தியாவில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது 2018 செப்டம்பர் 6 அன்று.

இச்சூழலில் ஒரு முகவரி என்பது வெறும் முகவரி அன்று. தன் ஊரில் ஒருவரிடமும் பேச இயலாத ஒருவனுக்கு, 'இன்ன தெருவில் உன்னைப் போன்றோர் உளர்' என்று முன்பின் அறியாத ஒருவர் சொல்லும் ஆறுதல் அது. பதிவுகளுடன் குறியீட்டு எழுத்துகள் இணைக்கப்பட்டன. அவற்றுள் 'ஏ.ஒய்.ஓ.ஆர்.' என்பது புகழ்பெற்றது. 'செல்வதானால் உன் சொந்தப் பொறுப்பில் செல்' என்பது அதன் பொருள். காவல் துறையினர், வழிப்பறிக்காரர், மிரட்டிப் பணம் பறிப்போர் ஆகிய இடர்கள் யாவும் அந்நான்கெழுத்தில் சுருக்கப்பட்டன. கதவடைத்து உண்டவனுக்குக் கதவடைத்து உண்டவன் சொல்லும் சொல் என்ற வகையில் இவ்வெழுத்து ஆற்றுப்படையின் நேர் வழித்தோன்றல் போன்றே தோன்றுகிறது. இதன் முதற்பெருமை இதுவே. இதனை மறுத்து எழுதப்படும் எந்தத் திறனாய்வும் நேர்மையுடையது ஆகாது.

ஆனால் மூன்றாம் மாந்தரை நோக்கும்போது ஒப்புமை உடைகிறது. ஆற்றுப்படையில் கேட்பவன் வறியவன், காணப்படுபவன் செல்வன். பாங்காக் பற்றிய வழிகாட்டியில் கேட்பவன் விமானச்சீட்டு வாங்க வல்லவன்; சென்று காணப்படுபவனோ பெரும்பாலும் வேலை தேடித் தலைநகருக்கு வந்தவன். தாய்லாந்தின் வடகிழக்கான ஈசான் பகுதியிலிருந்தும், மியன்மார், லாவோஸ், கம்போடியா ஆகிய அண்டை நாடுகளிலிருந்தும் வந்தோர் இத்தொழில்களில் பலர். கொடுப்பவன் இடத்தில் ஏழையும் பெறுபவன் இடத்தில் செல்வனும் நிற்கும்போது வள்ளலைப் புகழ்ந்த மொழி பண்டத்தை மதிப்பிடும் மொழியாக மாறுகிறது. ஆற்றுப்படை திசை மாறுவது இவ்விடத்தில்தான்.

மசாஜ் என்னும் ஒரு சொல்

தாய்லாந்தில் 'நுவட்' எனப்படும் உடற்பிடிப்புக் கலை நீண்ட மரபுடையது. புத்தர் காலத்து மருத்துவராகப் பௌத்த நூல்கள் கூறும் ஜீவகரை அக்கலையினர் தம் ஆசானாக வணங்குகின்றனர். பாங்காக்கின் வாட் போ கோயிலில் மூன்றாம் இராமர் காலத்தில் மருத்துவ அறிவு கல்வெட்டுகளாகப் பொறிக்கப்பட்டது. அக்கல்வெட்டுகள் 2011இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அக்கோயிலில் உள்ள யோக நிலைச் சிலைகள் 'ருசி' எனப்படும் முனிவர்களின் உருவங்கள். 'ரிஷி' என்ற சொல்லே அங்கு அவ்வாறு திரிந்தது. கோயிலைச் சார்ந்த மரபு மருத்துவப் பள்ளி 1955இல் நிறுவப்பட்டது. 2019இல் நுவட் கலை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

வழிகாட்டிகளில் 'மசாஜ்' என்னும் ஒரே தலைப்பின்கீழ் வெவ்வேறான தொழில்கள் வரிசையிடப்படுகின்றன. முறையாகக் கற்றவர் செய்யும் உடற்பிடிப்பு, எண்ணெய் தடவி நீவும் எளிய சேவை, ஆண் வாடிக்கையாளரின் விழைவை முன்னிட்டே நடத்தப்படும் நிலையம் ஆகிய மூன்றுக்கும் சொல் ஒன்றே. இவற்றைப் பிரித்தறியும் குறிப்பு, 'நட்பான', 'சிறப்பான' போன்ற அடைமொழிகளில் ஒளிந்திருக்கும். வாசகர் அதனை அறிவர். எழுதுபவரும் அவர் அறிவார் என்பதை அறிவார்.

இம்மறைப்புக்குச் சட்டப் பின்னணி உண்டு. 1966ஆம் ஆண்டுக் கேளிக்கை நிலையச் சட்டம் ஒருவகை மசாஜ் நிலையங்களை உரிமம் பெற வேண்டியவற்றுள் வைத்தது. 1996ஆம் ஆண்டுப் பாலியல் தொழில் தடுப்புச் சட்டம் அத்தொழிலுக்கு இடமளிப்பதையும் வெளிப்படையாக அழைப்பதையும் குற்றமாக்கியது. எனவே அடைமொழியின் மங்கல் உரிமையாளரைச் சட்டத்திலிருந்தும் பயணியை நாணத்திலிருந்தும் காக்கிறது. தொழிலாளிக்கு மட்டும் அது காப்பு ஆவதில்லை. பெயரளவில் இல்லாத வேலைக்குக் கூலி கேட்டு வழக்குத் தொடுக்க இயலாது. பெயரளவில் நிகழாத வன்முறைக்கு முறையீடு செய்தலும் அரிது. தாய் மசாஜ் தாய்லாந்துக் குடிமக்களுக்கே ஒதுக்கப்பட்ட தொழிலாதலால், அண்டை நாட்டிலிருந்து வந்தவர் இரட்டை மறைவில் வாழ நேர்கிறது. வழிகாட்டியின் நயமான அடைமொழி ஒரு மனிதனின் முறையீட்டு உரிமையை விழுங்குகிறது என்பதை நடை பற்றிய ஆய்வு கவனிக்காமல் விடலாகாது.

'பையன்' என்னும் சுட்டு

மசாஜ் நிலையப் பதிவுகளில் தொழிலாளியைக் குறிக்க நெடுங்காலமாக வழங்கிவரும் ஆங்கிலச் சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல் 'பையன்'. முப்பது வயதைக் கடந்தவனும் இவ்வெழுத்தில் பையனே. தமிழ் வாசகருக்கு இது புதிதன்று. உணவகத்தில் மேசை துடைக்கும் நரைத்தலை மனிதரையும் 'பையன்' என விளிக்கும் வழக்கம் இங்கும் உண்டு. இரு மொழிகளிலும் அச்சொல் வயதைக் குறிப்பதில்லை, படிநிலையைக் குறிக்கிறது.

இச்சுட்டுக்கு வேறொரு தீங்கும் உண்டு. வயதுவந்தவனையும் சிறுவனையும் ஒரே சொல்லால் குறிக்கும் நடை, உண்மையான சிறுவர் சுரண்டலை மறைக்கும் திரையாகலாம். ஸ்பார்ட்டகஸின் தொடக்ககாலப் பதிப்புகள் மீது எழுந்த மிகக் கடுமையான குற்றச்சாட்டு இதனைச் சார்ந்ததே. வயதுவந்தோர் தம் விருப்பின்பாற் கொள்ளும் உறவின் மதிப்பைக் காக்க விழையும் எழுத்து, சொல்லளவிலும் அவ்வெல்லையைத் தெளிவாக வரைதல் வேண்டும்.

கட்டணம் பற்றிய பகுதியில் மட்டும் இச்சுட்டுக்குரியவன் ஓரளவு முகம் பெறுகிறான். நிலையம் வாங்கும் தொகையில் அவனுக்குச் சேர்வது சிறுபங்கு என்றும், கையில் தரும் அன்பளிப்பே அவனது முதன்மை வருவாய் என்றும் நல்ல வழிகாட்டிகள் கூறுகின்றன. பேரம் பேசுவதைத் தவிர்க்குமாறு அவை அறிவுறுத்துகின்றன. அந்த ஒரு வரியில் பண்டம் மீண்டும் மனிதனாகிறது.

உள்ளூர்ச் செய்தியும் தோன்றா எழுவாயும்

பதிவுகள் காலத்தை மறந்தவை. செய்திக் குறிப்புகளோ காலத்தால் ஆனவை. 2001இல் தொடங்கிய 'சமூக ஒழுங்கு' நடவடிக்கை இரவுக் கேளிக்கை நிலையங்களின் மூடும் நேரத்தைக் கடுமையாக்கியது. 2014 மே 22 அன்று நிகழ்ந்த இராணுவப் புரட்சியை அடுத்து இரவு 10 மணிமுதல் ஊரடங்கு விதிக்கப்பட்டது. 2016 அக்டோபர் 13 அன்று மன்னர் பூமிபோல் மறைந்தபின் கேளிக்கைகள் அடக்கப்பட்டன. 2019இல் சுரவோங் சாலையை ஒட்டிய சோய் பிரதுச்சாய் என்னும் தெருவில் இருந்த மதுக்கூடங்கள் மூடப்பட்டன; சில அருகிலுள்ள பட்பொங் பகுதிக்கு இடம்பெயர்ந்தன. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் மசாஜ் நிலையங்கள் உட்பட யாவும் அடைக்கப்பட்டன.

இவ்வகைச் செய்திகள் பெரும்பாலும் செயப்பாட்டு வினையில் அமைகின்றன: கடைகள் மூடப்பட்டன, காட்சிகள் நிறுத்தப்பட்டன, இடம் மாற்றப்பட்டது. யார் மூடினர், மூடியதால் யார் வேலை இழந்தனர் என்பன வாக்கியத்திற்கு வெளியே நிற்கின்றன. தமிழ் இலக்கணத்தில் வெளிப்படாது நின்று வினையைத் தாங்கும் எழுவாயைத் தோன்றா எழுவாய் என்பர். இவ்வெழுத்து வகையின் தோன்றா எழுவாய் உள்ளூர்த் தொழிலாளி. சோய் பிரதுச்சாய்க்கு வெளிநாட்டவர் 'அந்தித் தெரு' என்னும் பொருளில் இட்ட பட்டப்பெயரே வழிகாட்டிகளில் நிலைத்தது. தெருவின் சொந்தப் பெயர் அது மறையும்போதுதான் பலர் கண்ணில் பட்டது.

ஆயினும் எழுவாய் தோன்றும் வாய்ப்பும் செய்திப் பகுதியில்தான் உள்ளது. 2020இல் முறைசாராத் தொழிலாளருக்கு அரசு மூன்று மாதம் மாதந்தோறும் 5,000 பாட் வழங்கியது. அண்டை நாட்டவருக்கு அது கிட்டவில்லை. 2004இல் பட்பொங்கில் தொடங்கப்பட்ட 'ஸ்விங்' அமைப்பு, பாலியல் தொழிலில் உள்ள ஆண், பெண், திருநர் ஆகியோருக்கு மருத்துவ உதவியும் ஆங்கிலப் பயிற்சியும் அளித்துவருகிறது. இத்தகவல்களைச் சொல்லும் செய்திக்குறிப்பு, 'எப்போது திறக்கும்' என்ற வினாவை 'எவர் எவ்வாறு வாழ்கின்றனர்' என்ற வினாவாக மாற்றிவிடுகிறது. கவண்கல்லுக்குப் பின்னால் புனங்காவலனைக் காணும் பார்வை அது.

உள்ளூர்க் குரல் எழுத்தில் இல்லாதது அக்குரலே இல்லாமையால் அன்று. தாய் மொழி இதழொன்றில் 1970களில் 'கோ மாமா' என்ற பெயரில் வெளிவந்த வினா-விடைப் பகுதிக்குத் தாய்லாந்து ஆண்கள் தம் காதலையும் துயரையும் மடல்களாக எழுதினர். அவற்றை ஆஸ்திரேலிய ஆய்வாளர் பீட்டர் ஜாக்சன் ஆராய்ந்து 1995இல் நூலாக்கினார். அம்மடல்களில் தாய்லாந்து ஆண் விழைபவனாகவும், தயங்குபவனாகவும், அறிவுரை கேட்பவனாகவும் நிற்கிறான். அவனையே பார்க்கச் செல்பவருக்கான நூல்களில் அவன் உடலாக மட்டும் நிற்கிறான். ஒரே நகரம் பற்றிய இருவகை எழுத்துக்கிடையே உள்ள தொலைவு இது.

முடிவுரை

இன்பத்திற்காக எழுதப்படும் கையேட்டிடம் சமூக அறம் எதிர்பார்ப்பது மிகை என்ற மறுப்பு எழலாம். மலைபடுகடாமும் சமூக ஆய்வு நூல் அன்று. பரிசில் பெறச் செல்வோருக்கான வழிநூலே. வழியிலிருப்போரின் தொழிலை மதித்தே வழி சொல்ல அதனால் இயன்றது. ஆகவே எதிர்பார்ப்பு புறத்திலிருந்து திணிக்கப்படுவதன்று, வழி சொல்லுதல் என்னும் செயலின் இயல்பிலேயே அடங்கியிருப்பது.

தாய்லாந்தில் 1956ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத் தொகுப்பிலேயே ஒருபால் உறவுக்கான தண்டனை இடம்பெறவில்லை. 2025 ஜனவரி 23 முதல் ஒருபாலினத்தவர் திருமணமும் அங்குச் சட்டத்தகுதி பெற்றது. வழிகாட்டி எழுத்தைத் தோற்றுவித்த அச்சம் அந்நாட்டளவில் பெரிதும் நீங்கியது எனலாம். ஆனால் திருமணச் சட்டம் மசாஜ் நிலையத் தொழிலாளியின் கூலியையோ முறையீட்டு உரிமையையோ தொடவில்லை. பயணியின் அச்சம் நீங்கிய பின்னும் தொழிலாளியின் அச்சம் எஞ்சியுள்ளது. ஒளிந்து வாழ்வதன் துயரை நன்கறிந்தோர் படைத்த எழுத்து வகை இது. அவ்வறிவைத் தமக்கு எதிரில் அமர்ந்து கால் நீவும் மனிதனுக்கும் நீட்டிக்கும்போதுதான், திசை மாறிய இவ்வாற்றுப்படை தன் நெறியை அடையும்.