பழநூற் பதிப்பும் உரிமைக் குறிப்பும்
சங்கநூற் பதிப்புகள் பலவற்றின் முகப்பில் ‘உரிமை பதிப்பகத்தார்க்கே’ எனும் குறிப்பைக் காண்கின்றோம். எதன் உரிமை என்பது அதனால் விளங்கவில்லை. குறுந்தொகைப் பாடல்கள் எவர்க்கும் பொது. உ. வே. சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட பதிப்பில், அவர் வரைந்த உரையும் ஆராய்ச்சியும் அவர்தம் படைப்பு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 1992ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஆசிரியர் மறைந்தபின் 60 ஆண்டுகள் காப்பளிக்கின்றது. ஐயர் மறைந்தது 1942. எனவே 2002 இறுதியொடு அவ்வுரையும் பொதுவாயிற்று. குறிப்பின்றியும் உரிமை உண்டாகும். குறிப்பினால் மட்டும் இல்லாத உரிமை உண்டாகாது. ஆயினும் அதனை அஞ்சி, சட்டம் இடந்தரும் மேற்கோளையும் விடுவாருளர். ஆதலின் புதிய பதிப்பாசிரியர், மூலம் பொது, உரை தமது எனப் பிரித்துக் காட்டுக. பெயர் சுட்டினாற் போதுமா, வணிகத்திற்கு இசைவு வேண்டுமா என்பதனையும் உரைக்க. இவ்வளவே யாம் வேண்டுவது.