மூன்றடி உயரத்தில் உலகம்

அங்கன்வாடியில் குழந்தைக்கு எடை பார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? உத்தரத்துக் கொக்கியில் தராசு தொங்கும். அதன் கீழே, கால் நுழைக்க இரண்டு துளை வைத்த துணிப்பை. குழந்தையை அதில் உட்கார்த்தியதும் இரண்டு கால்களும் காற்றில் துழாவும். பைக்கு ஒரு சாண் கீழே அம்மாவின் உள்ளங்கை விரிந்தபடி நிற்கும். முள் நடுங்கி அடங்கும்வரை யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அப்புறம் டீச்சர் வளர்ச்சி அட்டையை எடுத்து, வயதுக் கோடும் எடைக் கோடும் சந்திக்கிற இடத்தில் ஒரு புள்ளி வைப்பார். பச்சைப் பட்டையில் விழுந்தால் அம்மா சிரித்துவிடுவாள். மஞ்சளில் விழுந்தால், என்ன சாப்பிட்டான், எத்தனை முறை வயிற்றோட்டம் என்று விசாரணை தொடங்கும். ஆரஞ்சுப் பட்டை என்றால் ஆஸ்பத்திரிப் பேச்சு. பல இடங்களில் இப்போது டிஜிட்டல் தராசு வந்துவிட்டது, கணக்கும் கைப்பேசிக்குப் போய்விட்டது. புள்ளி மட்டும் மாறவில்லை.

அந்த அட்டையில் மேல்நோக்கி வளைந்து போகிற கோடு சாதாரணக் கோடு இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் ஏறத்தாழ 8,500 குழந்தைகளை அளந்து, 2006-இல் வெளியிட்டது. பிரேசிலின் பெலோட்டாஸ், கானாவின் அக்ரா, நார்வேயின் ஓஸ்லோ, ஓமனின் மஸ்கட், அமெரிக்காவின் டேவிஸ், நம் தில்லி. அதுவரை உலகம் நம்பியிருந்த அளவுகோல், பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த அமெரிக்கக் குழந்தைகளிடமிருந்து எடுத்தது. இந்த முறை தாய்ப்பால் குடிக்கும் குழந்தையே இலக்கணம் ஆனது. தாய்ப்பாலும் நல்ல உணவும் சுகாதாரமும் கிடைத்தால் முதல் ஐந்து வருடம் எல்லா நாட்டுக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்கிறார்கள் என்று அந்த ஆய்வு காட்டியது. “எங்க பரம்பரையே ஒல்லி” என்கிற சமாதானம் அன்றோடு போயிற்று. கேரளத்தின் விழிஞ்ஞம் மீனவத் தெருவில் பிறந்த பிள்ளைக்கும் ஓஸ்லோவில் பிறந்த பிள்ளைக்கும் ஒரே கோடு. இதைவிட அழகான சமத்துவத்தை நான் எந்தச் சட்டப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

விழிஞ்ஞம் என்றால் இன்று கப்பல் பேச்சுதான். 2024 ஜூலையில் ‘சான் பெர்னாண்டோ’ சரக்குக் கப்பல் வந்து நின்றது, 2025 மே 2-ஆம் தேதி துறைமுகத்தைப் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஆனால் இந்தத் துறைக்குப் பழைய பெருமை ஒன்று உண்டு, அது கல்வியோடு சேர்ந்தது. இங்கிருந்து ஆண்ட ஆய் மரபின் கருநந்தடக்கன், 9-ஆம் நூற்றாண்டில், இன்று குமரி மாவட்டத்தில் இருக்கும் பார்த்திவபுரத்தில் 95 சட்டருக்கு, அதாவது மாணவருக்கு, ஒரு சாலை, கல்விக்கூடம், அமைத்தான். செப்பேடு தமிழில் அதைச் சொல்கிறது. பெரிய காரியம்தான். ஆனால் அந்தச் சாலை வேதம் கற்றவர்களுக்கு. வலை இழுக்கிறவனின் மூன்று வயதுப் பிள்ளைக்கு அரசின் கணக்கில் ஓர் இடம் கிடைக்க 1975 அக்டோபர் 2 வரை, அங்கன்வாடிகளைக் கொண்டுவந்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் கடற்கரை அங்கன்வாடிகளில் ஒன்றில் பார்த்ததைச் சொல்கிறேன். நான்கு வயதிருக்கும் ஒரு சிறுமி பிளாஸ்டிக் சட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தாள். சட்டிக்குள் பூவரசு இலைகள். “சாளை வேணுமா சேச்சியே, சாளை!” என்று மீன்காரிக் குரல். டீச்சர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி, “எத்தர ரூபா மோளே?” என்றார். “பத்து.” “கூடுதலாச்சே, அஞ்சுக்குத் தா.” சிறுமி சட்டியை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள்! டீச்சர் கூப்பிட்டு, எட்டுக்கு முடித்து, இலைகளை ஒவ்வொன்றாக எண்ணி வாங்கினார். ஏழாவது இலையில் கிழிசல். “இது சீஞ்ஞது” என்று சிறுமியே எடுத்துப் போட்டாள், அழுகின மீனாம். எண்ணிக்கை, கூடுதல் குறைவு, தரம் பிரித்தல், பேச்சு எல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் நடந்துவிட்டது. தமிழும் மலையாளமும் கலந்த கரைப்பேச்சை டீச்சர் ஓரிடத்திலும் திருத்தவில்லை என்பதையும் கவனித்தேன். அவர் கண்கள் குழந்தையின் கண்களுக்கு நேராக இருந்தன. எனக்கு எல்லாவற்றையும்விட அதுதான் பிடித்தது.

1907 ஜனவரி 6-ஆம் தேதி ரோமின் சான் லொரன்சோவில் கூலித் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்காக மரியா மாண்டிசோரி திறந்த வீட்டில் நடந்ததும் இந்த இறங்கி வருதல்தான். குழந்தை தானே தூக்கி நகர்த்தும் எடையில் நாற்காலி, கை எட்டும் உயரத்தில் அலமாரி. அதே அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் மூண்டதால் 1946 வரை இந்த நாட்டில்தான் இருந்தார், கொடைக்கானலிலும் பள்ளி நடத்தினார். கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பிரீ-பிரைமரி வகுப்புகளுக்கு இப்போது வந்திருக்கும் ‘வர்ணக்கூடாரம்’ திட்டமும் அதே வழியில்தான் யோசிக்கிறது. வகுப்பறையைப் பெஞ்சுகளால் நிரப்பாமல் 13 இடங்களாகப் பிரித்திருக்கிறார்கள்: வரையிடம், கணிதயிடம், சாஸ்திரயிடம், நிர்மாணயிடம், ஆட்டமும் பாட்டும், நடிக்கக் குஞ்ஞரங்கு என்று போகிறது. மணலும் கூழாங்கல்லும் காலால் தொட்டு அறிய ஓர் இடம். வெளியே விளையாட ஓர் இடம், உள்ளே விளையாட இன்னோர் இடம். மழை ஆறு மாதம் பெய்கிற ஊரில் இந்தக் கடைசி இரண்டையும் தனித்தனியே யோசித்தவரின் கையைப் பிடித்துக் குலுக்கத் தோன்றுகிறது.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. 2025 தொடக்கத்தில் ஒரு சிறுவன், அங்கன்வாடியில் உப்புமாவுக்குப் பதில் பிரியாணியும் பொரித்த கோழியும் வேண்டும் என்று கேட்ட வீடியோ கேரளம் முழுக்கப் பரவியது. சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அமைச்சர் வீணா ஜார்ஜ் அதை மனுவாகவே எடுத்துக்கொண்டார். ஜூன் மாதம் புது உணவுப் பட்டியல் வந்தது. முட்டை பிரியாணி, புலாவ். வாரம் இரண்டு நாள் கிடைத்த பாலும் முட்டையும் மூன்று நாளாயின. சர்க்கரையும் உப்பும் குறைந்தன. நாக்கு கேட்டதையும் உடம்பு கேட்பதையும் சேர்த்துச் சமைத்திருக்கிறார்கள். தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் குழந்தை சொல்வதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை 1989-இல் சொன்னது, 12-ஆம் பிரிவில். அது இங்கே தட்டில் வந்து விழுந்தது.

இவ்வளவு நயமும் ஒரே டீச்சர், ஒரே ஹெல்பர் கையில் நிற்கிறது. எடை பார்ப்பதும் அவரே, வீடு வீடாகப் போவதும் அவரே, பதிவேடும் கைப்பேசியும் அவரே. பூவரசு இலை வாங்க அவருக்கு மிஞ்சுகிற நேரம் எவ்வளவு? பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளில் சோதித்துப் பார்த்தார்கள். அரைநாள் வேலைக்கு இன்னொருவரைச் சேர்த்த மையங்களில் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் நேரம் இரு மடங்கானது, கணக்கும் மொழியும் முன்னேறின, ஊட்டக்குறைவும் குறைந்தது. இதற்குப் புது யந்திரம் எதுவும் தேவைப்படவில்லை, கூட ஒரு ஆள்தான்.

2025 மார்ச்சில் கேரளத்தின் அங்கன்வாடி ஊழியர்கள் ஊதிய உயர்வு கேட்டுத் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்தார்கள். இன்னும் அவர்கள் வாங்குவது மதிப்பூதியம்தான். விழிஞ்ஞத்துக்குக் கோடிக்கணக்கில் பணம் இறங்கும் இந்த நேரத்தில், அங்குள்ள ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் இன்னொரு டீச்சரையும், இருக்கிற டீச்சர்களுக்கு முறையான சம்பளத்தையும் அரசு கொடுக்க வேண்டும்.