தபாலட்டையின் ஓரங்கள்

கொழும்புப் புறக்கோட்டைப் பிரதான வீதியைக் காட்டும் பழைய தபாலட்டைகளில் பெரும்பாலும் ஆண்டு இருக்காது. ஆண்டைத் தெருவே சொல்லிவிடும். நடுவில் டிராம் தண்டவாளம் ஓடினால் 1899க்குப் பிந்திய படம். கோட்டைப் பக்க முனையில் கான் மணிக்கூட்டுக் கோபுரத்தைக் காணோமென்றால் 1923க்கு முந்தியது. அட்டையைத் திருப்பினால் இன்னொரு தடயம். முகவரிப் பக்கத்தை இரண்டாக்கிச் செய்தி எழுதவும் இடம்விடலாம் என்று பிரித்தானியத் தபால்துறை 1902இல்தான் இசைந்தது. அதற்கு முன் எழுதியவர்கள் படத்தின் வானத்திலேயே நலம் விசாரித்தார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது இந்தப் படங்களின் மங்கல். அந்நாளைய கமராவுக்கு அசைவு ஆகாது. கைத்தடியோடு விரைந்த துரை வெறும் கறையாகிப் போயிருக்கிறார். ஓடும் மாட்டுவண்டியின் சக்கரத்தில் ஆரங்களே இல்லை, புகைதான். ஆனால் ஓரத்தில் சவாரிக்குக் காத்துநின்ற ரிக்‌ஷாக்காரர் தலைப்பாகை மடிப்பு முதல் முழங்கால் எலும்பு வரை துல்லியம். பூதக்கண்ணாடியை வைத்தால் வெறுங்காலும் தெரிகிறது, காலருகே ரிக்‌ஷாவின் ஏர்க்கால் தரையில் கிடப்பதும் தெரிகிறது. அவர் பெயரை எந்த ஏட்டிலும் யாரும் எழுதி வைக்கவில்லை. காத்திருப்பதே பிழைப்பாக இருந்ததால் அவர் படத்தில் நின்றுவிட்டார். படம்பிடித்தவர் இதை எண்ணியிருக்கவே மாட்டார். அதனால்தான் இந்தச் சாட்சியத்தை நான் முழுதாக நம்புகிறேன்.

நிறத்தை அப்படி நம்பமுடியாது. 1890இல் கொழும்புக் கோட்டையில் தொடங்கிய பிளாட்டே போன்ற புகைப்பட நிலையங்கள் படமெடுத்த காலத்தில், உலகின் வண்ணத் தபாலட்டைகளில் பெரும்பகுதி ஜேர்மனியில் அச்சாயின. செட்டியார் தெருவில் நடந்துபோன ஒரு பெண்ணின் சேலைக்கு, அவளையும் தெருவையும் கண்டிராத ஒருவர் அங்கிருந்தே சிவப்புப் பூசியிருக்கலாம். 1914இல் போர் மூண்டதும் அந்த அச்சுத் தொடர்பு அறுந்தது.

‘தமிழ்ப் பெண்’ என்று மட்டும் தலைப்பிட்டு நிலையத்துக்குள் எடுத்த படங்களில் இன்னும் கவனம் வேண்டும். பின்னால் தீட்டிய திரை, முன்னால் பெயரில்லாத முகம். கழுத்திலுள்ள நகை அவளுடையதா, நிலையத்தார் பூட்டியதா? நான் முதலில் பார்ப்பது அவள் கைகளைத்தான். உழைத்துக் காய்த்த விரல்களை எந்தத் திரையாலும் மறைக்க முடியாது.

இந்த அட்டைகளை வாங்கியவர்கள் யார் என்று கேட்டால் படத்துக்குள் உலகமே வந்துவிடுகிறது. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்தது. 1875இல் வேல்ஸ் இளவரசர் முதற்கல் நாட்டிய கொழும்பின் அலைத்தடுப்பு அணை பத்தாண்டில் முடிந்தது. காலித் துறைமுகத்தின் பெருமை கொழும்புக்கு வந்தது. அவுஸ்திரேலியாவுக்கும் கிழக்காசியாவுக்கும் போன கப்பல்கள் இங்கே நிலக்கரி ஏற்ற, பயணிகள் சில மணிநேரம் கரையிறங்கினார்கள். இறங்குதுறையிலிருந்து எட்டும் தெருக்களே அட்டைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன: கோட்டை, புறக்கோட்டை, கறுவாத்தோட்டத்து வீடுகள். கொட்டாஞ்சேனை எப்போதாவது எட்டிப் பார்க்கும். அதையடுத்த கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைச் சேர். பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பியதோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். வெள்ளவத்தையை நான் அபூர்வமாகவே கண்டிருக்கிறேன். பயணிக்கு அங்கே வேலையில்லை.

வெள்ளவத்தை இருந்தது எங்கள் வீட்டு ஆல்பங்களில். 1983 ஆடிக் கலவரத்தில் தமிழர் வீடுகள் எரிந்தபோது எத்தனையோ ஆல்பங்களும் எரிந்தன. கடல்கடந்து போனதால் துரைமார் வாங்கிய அட்டைகள் தப்பின. அதேபோல் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் கடிதத்தோடு அனுப்பிய கல்யாணப் படங்களும் தப்பின. அவற்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மணமக்களை விட்டுவிட்டு ஓரங்களைப் பாருங்கள்: காலி வீதியின் கடைப் பலகையில் எந்த மொழி மேலே இருக்கிறது, காரின் இலக்கத் தகட்டில் என்ன எழுத்து, சவோய் தியேட்டர் சுவரில் எந்தப் படத்தின் விளம்பரம்.