விருப்பு வாக்கும் விகிதாசாரமும்: தேர்தல் முறைத் திருத்தம் பற்றிய ஓர் ஆய்வு

தேர்தல் முறையைத் திருத்த வேண்டும் என்ற குரல் எழும்போதெல்லாம் இரு கோரிக்கைகள் ஒன்றாகப் பிணைத்தே முன்வைக்கப்படுகின்றன. விருப்பு வாக்கை ஒழிக்க வேண்டும் என்பது ஒன்று. தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற பழைய ஏற்பாட்டிற்கு மீள வேண்டும் என்பது மற்றையது. முன்னதில் நியாயம் உண்டு. ஒரே கட்சியின் வேட்பாளர்கள் தம்முள் மோதுவதும், மாவட்டம் முழுவதும் சுவரொட்டிகளுக்கெனப் பணத்தை இறைப்பதும் நாம் காணாதவை அல்ல. தேர்தற் செலவினை ஒழுங்குபடுத்தும் சட்டமே 2023 இல்தான் நிறைவேறியது. ஆனால் முன்னதன் நியாயத்தைக் கொண்டு பின்னதையும் ஏற்கச் செய்யும் வாதம் தருக்கமுறையில் வழுவுடையது. விருப்பு வாக்கு என்பது ஒரு கட்சி பெற்ற ஆசனங்களில் எவரை அமர்த்துவது என்பதற்கான விதி. விகிதாசாரம் என்பது கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதற்கான விதி. நோயுற்ற கிளையை வெட்டுவதற்கு மரத்தையே சாய்க்க வேண்டியதில்லை.

பழைய தொகுதி முறையை ஏக்கத்துடன் நினைவுகூர்வோர் அதன் கணக்கையும் நினைவுகூர்தல் தகும். 1970 ஆம் ஆண்டுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி பெற்ற வாக்கு 37.9 வீதம்; ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி பெற்றது 36.9 வீதம். எனினும் முன்னையதற்கு 17 ஆசனங்களும் பின்னையதற்கு 91 ஆசனங்களும் கிடைத்தன. சுதந்திரக் கட்சி தோழமைக் கட்சிகளுக்குத் தொகுதிகளை விட்டுக்கொடுத்துக் குறைந்த இடங்களிலேயே போட்டியிட்டது என்பதையும் கூறிவிடல் நேர்மையாகும். ஆயினும் அதனால் மட்டும் இந்த இடைவெளியை விளக்கிவிட முடியாது. ஏழாண்டுகளின் பின் சக்கரம் மறுபுறம் சுழன்றது. ஏறத்தாழ 51 வீத வாக்குடன் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களுள் 140 ஐக் கைப்பற்றியது. ஏறத்தாழ 30 வீதம் பெற்ற சுதந்திரக் கட்சி எட்டு ஆசனங்களோடு நின்றது. அதன் வாக்கில் கால்பங்கும் பெறாத தமிழர் விடுதலைக் கூட்டணியோ 18 ஆசனங்களுடன் எதிர்க்கட்சியாயிற்று. இவ்விரு பெரும்பான்மைகளே 1972 ஆம், 1978 ஆம் ஆண்டுகளின் அரசியலமைப்புகளைத் தமிழர் தரப்பின் இணக்கமின்றி நிறைவேற்றின.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். கூட்டணியின் வெற்றியைக் காட்டி, தொகுதி முறை தமிழருக்கு நன்மையே செய்தது என்பாருளர். வடக்கில் செறிந்து வாழும் தமிழருக்கு அது பொருந்தும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழருக்குப் பொருந்துமா? ஒன்று நகரின் தென்கோடி. மற்றொன்று துறைமுகத்திற்கு அப்பாலுள்ள வடபுறம். இரண்டும் ஒரே தொகுதியில் அடங்கியதில்லை. நிலப்படத்தை எவ்வாறு வளைப்பினும் அடங்கப்போவதுமில்லை. 1947 இல் வெள்ளவத்தை, கல்கிசையுடன் இணைக்கப்பட்டு, கொல்வின் ஆர். டி சில்வாவைத் தெரிவு செய்தது. அவர் சிறந்த பாராளுமன்றவாதி என்பது வேறு கதை.

அக்காலத்து நிபுணர்களும் இச்சிக்கலை அறியாதவரல்லர். சோல்பரி அரசியலமைப்பின் கீழ் அமைந்த பல் அங்கத்தவர் தொகுதிகள் அதன் விளைவே. மூன்று உறுப்பினரைக் கொண்ட மத்திய கொழும்பில் வாக்காளனுக்கு மூன்று வாக்குகள். விரும்பினால் மூன்றையும் ஒருவருக்கே அளிக்கலாம். 1947 இல் அங்கு தெரிவானோர் ஏ. ஈ. குணசிங்க, ரி. பி. ஜாயா, பீற்றர் கெனமன் ஆகியோர். ஒரு சிங்களவர், ஒரு மலாயர், ஒரு பறங்கியர். மூவரும் மூன்று கட்சியினர். தமிழர் எவரும் அம்மூவருள் இல்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. 1977 ஆம் ஆண்டின் பேரலையிலும் மத்திய கொழும்பின் மூன்றாம் ஆசனத்தைச் சுதந்திரக் கட்சியின் ஹலீம் இஷாக் பெற்றார். நுவரெலியா - மஸ்கெலியாவில் காமினி திசாநாயக்க, அனுர பண்டாரநாயக்க ஆகியோருடன் மூன்றாமவராகச் சௌமியமூர்த்தி தொண்டமான் தெரிவானார். 1948, 1949 ஆம் ஆண்டுச் சட்டங்களால் வாக்கிழந்த மலையக மக்கள் தம் பிரதிநிதி ஒருவரை மீண்டும் தேர்ந்தெடுத்தது இத்தகைய தொகுதி ஒன்றின் வாயிலாகவே. ஒற்றை உறுப்பினர் தொகுதியாயின் மூன்றாமவருக்கு ஏது இடம்?

ஓர் ஆசனத்திற்கு எத்தனை பேர் தேவை என்பதே சிதறி வாழும் சிறுபான்மையினரின் தலையாய வினா. 2024 இல் கொழும்பு மாவட்டத்திற்கு 18 ஆசனங்கள். முதலிடம் பெறும் கட்சிக்குரிய மேலதிக ஆசனத்தை நீக்கினால் 17 எஞ்சும். ஏறத்தாழ ஆறு வீத வாக்கு ஓர் ஆசனத்தைத் தரவல்லது. மாவட்ட மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் தமிழர். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு விதித்த எட்டில் ஒரு பங்கு என்ற வெட்டுப்புள்ளி நீடித்திருப்பின் இக்கணக்குப் பயனற்றதாகியிருக்கும். 1988 இல் பதினைந்தாம் திருத்தம் அதனை ஐந்து வீதமாகக் குறைத்தது. அடுத்த ஆண்டே விகிதாசார முறையின் கீழ் முதலாவது பாராளுமன்றத் தேர்தல் நடைபெற்றது.

இம்முறையும் குறையற்றதன்று. 2015, 2020 ஆகிய ஆண்டுகளில் கொழும்பு மாவட்டத்தில் வென்ற மனோ கணேசன் 2024 இல் தோல்வியுற்றுத் தேசியப் பட்டியல் வழியாகவே சபைக்குச் சென்றார். அவரது அணிக்கு மாவட்டத்தில் நான்கு ஆசனங்களே கிடைத்தன. அந்நான்கினுள் இடம்பெற விருப்பு வாக்குகள் போதவில்லை. பெருங்கட்சியின் பட்டியலில் ஒதுங்கி நின்று, மும்மூன்று விருப்பு வாக்குகளையும் ஒருமுகப்படுத்தினாலன்றித் தமிழ் வேட்பாளர் கரையேற முடிவதில்லை. அறுதிப் பெரும்பான்மையை இம்முறை தடுக்கும் என்ற நம்பிக்கையும் முழுமையாக நிலைக்கவில்லை. அதே ஆண்டில் ஏறத்தாழ 61.6 வீத வாக்குடன் தேசிய மக்கள் சக்தி 225 இல் 159 ஆசனங்களைப் பெற்றது. ஆயினும் அது மக்கள் வாக்கோடு பெரிதும் முரணியதன்று. அவ்வாண்டே பிரித்தானியாவில் தொழிற்கட்சி மூன்றிலொரு பங்கு வாக்கினைக் கொண்டு ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு ஆசனங்களை வென்றமையோடு இதனை ஒப்புநோக்கலாம்.

இரண்டையும் இணைக்கும் கலப்பு முறை உள்ளூராட்சி மன்றங்களில் 2018 இல் நடைமுறைக்கு வந்தது: 60 வீதம் வட்டாரம், 40 வீதம் பட்டியல். ஜேர்மனியை முன்மாதிரியாகச் சுட்டுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். ஜேர்மானிய வாக்காளருக்கு இரு வாக்குகள் உண்டு. ஒன்று உறுப்பினருக்கு, மற்றையது கட்சிக்கு. நமக்கு அளிக்கப்பட்டதோ ஒரே வாக்கு. வெள்ளவத்தை வாக்காளர் தம் வட்டாரத்து நல்ல மனிதர் ஒருவரை ஆதரித்தால், அவ்வாக்கு அவர் விரும்பாத கட்சியின் கணக்கிலும் சேர்ந்துவிடுகிறது. பட்டியலிலிருந்து எவர் சபைக்குச் செல்வார் என்பதையும் வாக்களிப்பின் பின் கட்சிச் செயலாளரே தீர்மானிக்கிறார். விருப்பு வாக்கில் வாக்காளனுக்கு இருந்த சிறு அதிகாரமும் இங்கு இல்லை. இதைத் திருத்தம் என்று எவ்வாறு அழைப்பது? மாவட்டம் ஒரே வாக்குத் தொகையாகவே நிலைத்திருத்தல், இரு வாக்குகள், தேர்தலுக்கு முன்னரே வரிசைப்படுத்தி வெளியிடப்பட்ட பட்டியல் ஆகிய மூன்றும் இன்றிக் கலப்பு முறையைப் பாராளுமன்றத்திற்கு விரிப்பது நகரத் தமிழரின் வாக்கை வட்டாரந்தோறும் துண்டாடுவதாகவே முடியும்.

திருத்தத்தின் பெயரால் தேர்தலே இல்லாமற் போகக்கூடும் என்பதையும் அனுபவம் காட்டியுள்ளது. மாகாண சபைகளுக்குக் கலப்பு முறையை 2017 ஆம் ஆண்டுச் சட்டம் புகுத்தியது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்திற்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்கேனும் விழவில்லை, எதிராக 139. புதிய எல்லைகள் இல்லை; பழைய சட்டமும் நீங்கிவிட்டது. மேல் மாகாண சபைக்கு 2014 மார்ச்சில் வாக்களிப்பு நடந்தது. இவ்வாண்டு நம் பீடத்தில் சேர்ந்த மாணவர் எவரும் அச்சபைக்கு வாக்களித்ததில்லை. பழைய விகிதாசார விதிகளையே ஒரு சிறு திருத்தச் சட்டத்தால் மீட்டு அத்தேர்தலை முதலில் நடத்தலாம். அதற்கு எல்லைக்கோடு ஒன்றையும் புதிதாக வரைய வேண்டியதில்லை.