தரோபிரெட் தாய்க்கு எந்தத் தந்தை?

ஒலிம்பிக்கில், டிரெஸாஜ் என்னும் அரங்க நடை, கிராஸ் கன்ட்ரி என்னும் வெளிநிலத் தடை ஓட்டம், அரங்கில் தடை தாண்டுதல் ஆகிய மூன்றும் அடங்கிய ஈவென்ட்டிங்கில் தனிநபர் தங்கத்தை மூன்று முறை வென்ற ஒரே வீரரான ஜெர்மனியின் மிகாயேல் யுங், 2012-இல் லண்டனிலும் 2016-இல் ரியோவிலும் சவாரி செய்தது சாம் என்னும் குதிரையின் மேல். 2024-இல் பாரிஸில் அவரைச் சுமந்து வென்றது சிப்மங்க் என்னும் வேறொரு குதிரை. வீரருடைய சாமர்த்தியத்தைப் பற்றிப் பத்திரிகைகள் வேண்டிய மட்டும் எழுதிவிட்டன. ஆனால், குதிரை வளர்ப்பில் சிரத்தையுள்ளவர்கள் அவ்விரு குதிரைகளின் வம்சாவளியையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்களானால், அதைவிடச் சுவையான விஷயம் ஒன்று புலப்படும். இரண்டுக்கும் தாயின் தந்தை ஒரே குதிரைதான்: செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து ஜெர்மனிக்கு வந்து புகழ் பெற்ற ஹெரால்டிக் என்னும் தரோபிரெட், அதாவது பந்தயத்துக்கென வளர்க்கப்படும் இனத்துக் குதிரை. தந்தையர் மட்டும் முற்றிலும் வேறு. சாமின் தந்தை ஸ்டான் த மேன், அதுவும் ஒரு தரோபிரெட். சிப்மங்கின் தந்தையான கன்டென்ட்ரோவோ, தடை தாண்டுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஹோல்ஷ்டைன் வம்சத்தைச் சேர்ந்தது. தரோபிரெட் பெண்குதிரை ஒன்றை வைத்துக்கொண்டு, எந்தப் பொலிகுதிரையைச் சேர்த்தால் ஈவென்ட்டிங்குக்கு உகந்த குட்டி பிறக்கும் என்று ஆலோசிக்கிறவருக்கு இதைவிட நல்ல பாலபாடம் கிடைக்காது.

தாய்வழி ரத்தம் மாறாதிருக்கத் தந்தை மட்டும் மாறியதை, போட்டியின் சுபாவமே மாறிப்போனதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2000-இல் சிட்னி ஒலிம்பிக் வரையில், கிராஸ் கன்ட்ரிக்கு முன்னால் நெடுந்தூரச் சாலை ஓட்டமும், நிமிஷத்துக்கு 690 மீட்டர் வரை வேகம் கேட்ட ஸ்டீப்பிள்சேஸ் சுற்றும் இருந்தன. அவற்றைத் தாங்கி அதன்பின்னும் தடைகளைத் தாண்டக்கூடிய மூச்சும் நெஞ்சுரமும் தரோபிரெட் ரத்தம் மிகுந்த குதிரைகளுக்கே இருந்தமையால், அக்காலத்து வளர்ப்பாளர் வேறு எதையும் அவ்வளவாகத் தேட வேண்டியிருக்கவில்லை. 2004-இல் ஏதென்ஸில் அவ்விரண்டும் கைவிடப்பட்டன. பிறகு 2018-இல், டிரெஸாஜ் தண்டப்புள்ளிகளை ஒன்றரை மடங்காக்கும் வழக்கமும் நீக்கப்பட்டது. இன்றைய கணக்கில் தடை தாண்டுதலில் உருளும் கழி ஒன்றுக்கு 4 தண்டப்புள்ளி. கிராஸ் கன்ட்ரியில் தாமதமாகும் ஒவ்வொரு வினாடிக்கும் 0.4 புள்ளி. அதாவது, ஒரு கழியை உருட்டுவதும் பத்து வினாடி பிந்தி வருவதும் சமமான நஷ்டம். முன்னிலையில் இருப்பவர்களுக்கிடையே வித்தியாசம் பெரும்பாலும் ஒரே கழிக்குள் அடங்கிவிடுகிற இக்காலத்தில், களைத்த கால்களோடும் கழியைத் தொடாமல் தாண்டும் ஜாக்கிரதை எந்த வம்சத்தில் பிறவிக்குணமாக அமைந்திருக்கிறதோ, அதற்கு மதிப்பு ஏறியதில் ஆச்சரியம் இல்லை.

ஆனாலும் மிக உயர்ந்த தரமான ஐந்து நட்சத்திரப் போட்டியின் கிராஸ் கன்ட்ரி இன்றும் நிமிஷத்துக்கு 570 மீட்டர் வேகத்தில் பத்து நிமிஷத்துக்கு மேல் ஓட வேண்டிய ஓட்டமே. ஸ்டீப்பிள்சேஸ் போயிற்று, இனித் தரோபிரெட் ரத்தத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் எட்டாவது நிமிஷத்தைப் பார்க்கவில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். அந்த நேரத்தில் கனத்த குதிரைகளின் பாய்ச்சல் குறுகும், கழுத்து கனக்கும், தடைக்கு முன் வீரன் கேட்கும் அரை அடி கிடைக்காது. தரோபிரெட் தாய் கொடுக்கும் முதல் செல்வம் அந்த எட்டாவது நிமிஷம்தான். ஆகவே அதையே மறுபடியும் தந்தையிடம் யாசிக்க வேண்டியதில்லை. தாயிடம் இல்லாதது எது என்று கண்டறிந்து, அதைத் தந்தையிடம் தேடுவதே விவேகம்.

தாயிடம் இல்லாததைக் காண்பதற்கு அதைக் கயிற்றில் பிடித்து நிற்க வைத்துப் பார்த்தால் போதாது. மூடிய அரங்கத்தில் சேணமின்றி அவிழ்த்துவிட்டு, முதலில் நடை, பிறகு டிராட், பிறகு கேன்டர் என்று பார்த்துக்கொண்டே வந்து, இறுதியில் ஒரு சிறு கழியைத் தாண்டவிட வேண்டும். பந்தயத்துக்காக வளர்க்கப்பட்ட பெண்குதிரைகளில் பலவற்றுக்குப் பிட்டம் உயர்ந்தும் தோள்மேடு தாழ்ந்தும் இருக்கும். நேர்கோட்டில் வேகமாக ஓடுவதற்கு அது இடையூறல்ல, ஆனால் டிரெஸாஜில் முன்பாகத்தை உயர்த்தி நடப்பதற்குப் பெருந்தடை. தாண்டும்போதும் அத்தகைய குதிரை முதுகை வளைத்து எழாமல், நீட்டிய உடம்போடு தட்டையாகப் பாய்ந்து செல்லும். முன்னங்கால்களை மார்போடு மடக்காமல் தொங்கவிடும். இத்தகைய தாய்க்கு, முன்னங்கால்களை இறுக மடக்கித் தோளை உயர்த்தி எழும் பொலிகுதிரையே வேண்டும். கன்டென்ட்ரோ போன்ற ஹோல்ஷ்டைன் வம்சத்துத் தந்தையர் அந்தக் குறையைத்தான் நிவர்த்திக்கிறார்கள். தாய் மிகவும் பதற்றமுள்ளதாக இருந்தால், தந்தையின் சுபாவம் அதன் தாண்டும் திறமைக்கு இணையாக ஆராயப்பட வேண்டும். ஏனென்றால், டிரெஸாஜ் சதுக்கத்தில் நிற்கச் சொன்னால் நிற்க வேண்டியது பிறக்கப்போகும் குட்டி.

இதற்கு மாறாக, தாய் எலும்பும் உடற்கட்டும் நிறைந்து, முன்பாகம் உயர்ந்து, தாண்டுவதிலும் இயல்பான திறமையுடையதாக இருந்தால், ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதே நலம். பிரெஞ்சு வம்சத்து ஜாகுவார் மெயில் 2008-இல் ஸ்வீடனுக்காக ஒலிம்பிக் தடை தாண்டுதலில் பங்கேற்ற குதிரை. ஆயினும் அதன் தந்தையும் தாய்வழிப் பாட்டனும் தரோபிரெட்களே. டோக்கியோவில் ஆஸ்திரேலியரான ஆன்ட்ரூ ஹாய் தனிநபர் வெண்கலம் வென்ற வாசிலி அதன் சந்ததிதான். தாண்டும் திறமையும் ரத்தமும் ஒரே தந்தையிடம் கூடியிருப்பது அபூர்வம், கிடைக்கும்போது தயங்கலாகாது.

உயரத்தைக் கண்டு மயங்குவது நான் அடிக்கடி காணும் பிழை. மெல்லிய தேகமுள்ள தாய்க்கு மிகப் பெரிய பொலிகுதிரையைச் சேர்த்தால், பிறப்பது பல சமயங்களில் தாயின் மெல்லிய கால்களின் மேல் தந்தையின் கனத்த உடம்பைச் சுமக்கும் குட்டியாகிவிடுகிறது. மார்க் டாட் என்னும் ஈவென்ட்டிங் வீரருக்கு 1984-இலும் 1988-இலும் ஒலிம்பிக் தங்கம் ஈட்டித் தந்த சரிஸ்மா 64 அங்குலத்துக்கும் குறைந்த உயரமுடையது என்பதை வளர்ப்பாளர்கள் மறக்கலாகாது. அவ்வாறே, பொலிகுதிரை தானே வென்ற பதக்கங்களை எண்ணுவதைக் காட்டிலும், தரோபிரெட் தாய்களிடம் அதற்குப் பிறந்த குட்டிகள் எப்படி வந்தன என்று விசாரிப்பதே பிரயோஜனமானது. அதன் குட்டிகளில் ஆறு, ஏழு வயதில் பிரான்ஸின் லியோன் தாஞ்ஷேயில் நடக்கும் இளங்குதிரைகளுக்கான உலகப் போட்டி வரையில் எட்டியவை எவை என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். குட்டியின் சருமத்தையும் மூட்டுகளையும் சிதைக்கும் பரம்பரை நோயின் கூறு தாய், தந்தை இருவரிடமும் இல்லை என்பதற்கு ஒரு மயிர்ப் பரிசோதனை போதும். அதைச் செய்யாமல் சினைப்படுத்துவது மன்னிக்கத் தகாத அசிரத்தை.

இவ்வளவும் பேசிய பிறகு, சிலருக்குக் கசப்பாகத் தோன்றினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லண்டனில் வென்றபோது சாமுக்கு வயது 12. பாரிஸில் சிப்மங்குக்கு 16. பதினோரு மாதம் சினை, அதன்பின் நாலைந்து வருஷம் வளர்ப்பு, மேலும் பல வருஷப் பயிற்சி என்று காத்திருந்து வெற்றி காண வேண்டிய இவ்விளையாட்டில், வயது ஏறியும் நொண்டாத கால்களைவிடச் சிறந்த லட்சணம் வேறில்லை. பந்தயத்தில் ஓட முடியவில்லை, ஆகவே குட்டியாவது போடட்டும் என்று வைத்துக்கொள்ளப்படும் பெண்குதிரைகள் அநேகம். விபத்தில் காயமுற்று ஓய்ந்தவற்றைப் பற்றி நான் பேசவில்லை. கால் அமைப்பின் குறையாலேயே இளம் வயதில் நொண்டத் தொடங்கிய பெண்குதிரையைப் பற்றிச் சொல்கிறேன். அதை வைத்திருப்பவர்கள், பொலிகுதிரையின் கட்டணத்துக்கென்று ஒதுக்கிய பணத்தைக் கொண்டு நல்ல கால்களும் நல்ல சுபாவமும் உடைய வேறொரு தாயை முதலில் வாங்கட்டும்; தந்தையைத் தேடுவது அதற்குப் பிறகு.