புரோட்டானிய அயனித் திரவங்கள்: கரைப்பான் தகுதி குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

புரோட்டானிய அயனித் திரவங்கள் அயனிகளால் மட்டுமே ஆனவை, ஆவியாகாதவை, ஆதலால் பசுமைக் கரைப்பான்கள் என்னும் கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அத்தகுதியை வகை முழுமைக்கும் வழங்காது, ஒவ்வொரு திரவத்துக்கும் தனித்தனியே நிறுவ வேண்டும் என்பது இதன் துணிபு.

முன்னுரை

அமிலம் ஒன்று தன் புரோட்டானைக் காரம் ஒன்றுக்கு வழங்குவதால் தோன்றும் உப்பு, 100 டிகிரி செல்சியசுக்குக் கீழ் உருகுமாயின் அது புரோட்டானிய அயனித் திரவம் எனப்படும். 1914இல் பால் வால்டன் ஆராய்ந்து வெளியிட்ட எத்தில் அம்மோனியம் நைட்ரேட் இதற்கு முதன்மைச் சான்றாகும். அதன் உருகுநிலை ஏறத்தாழ 12 டிகிரி. 2008இல் 'கெமிக்கல் ரிவ்யூஸ்' இதழில் கிரீவ்ஸ், டிரம்மண்ட் ஆகியோர் எழுதிய மீள்பார்வைக் கட்டுரை, இவ்வகைத் திரவங்களின் பண்புகளையும் பயன்களையும் விரிவாகத் தொகுத்தளித்தது. இத்துறை சார்ந்த எழுத்துகளில் மேற்சுட்டிய மூன்று கூற்றுகளும் அடுத்தடுத்து வைக்கப்படுவதுண்டு. இவற்றுள் முதலாவது தளர்ந்தால் ஏனைய இரண்டும் தளரும்.

அயனிகளால் மட்டுமே ஆனவையா?

புரோட்டான் பரிமாற்றம் ஒரு மீள்வினை. அது எவ்வளவு நிறைவாக நிகழும் என்பதை அளவிட, காரத்தின் இணை அமிலத்துக்கும் அமிலத்துக்கும் இடையிலான பி.கே.ஏ. வேறுபாட்டைப் பயன்படுத்துவர். நீர்க் கரைசல் கணக்கின்படி இவ்வேறுபாடு 4 ஆயின் 99 விழுக்காடும், 6 ஆயின் 99.9 விழுக்காடும் பரிமாற்றம் நிகழ வேண்டும். ஆயினும் 2003இல் யோஷிசாவா, ஷூ, ஏஞ்செல் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, நல்ல அயனித்தன்மைக்கு 8 முதல் 10 வரையிலான வேறுபாடு வேண்டும் எனச் சுட்டியது.

இவ்வளவுகோலுக்கும் வரம்பு உண்டு. அசெட்டிக் அமிலத்தை முதல்நிலை அமீன் ஒன்றுடன் கலந்தாலும் மூன்றாம்நிலை அமீன் ஒன்றுடன் கலந்தாலும் பி.கே.ஏ. வேறுபாடு ஏறத்தாழ 6 என்றே அமையலாம். ஆனால் 2010இல் மெக்ஃபார்லேன் குழுவினர் வெளியிட்ட ஆய்வின்படி, முதல்நிலை அமீன் தரும் திரவம் உயர்ந்த அயனித்தன்மை உடையது. மூன்றாம்நிலை அமீன் தருவது அத்தகையதன்று. முன்னதன் நேரயனியில் மூன்று நைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் உள்ளன. பின்னதில் ஒன்றே உள்ளது. எனவே எதிரயனியை ஹைட்ரஜன் பிணைப்பால் நிலைநிறுத்தும் ஆற்றல் இரண்டிலும் வேறுபடுகிறது. நீரில் அளந்த எண்ணை நீரற்ற ஊடகத்துக்கு அப்படியே பொருத்துவது பிழை என்பதற்கு இதுவே போதிய சான்று.

ஆவியாகாதவையா?

பரிமாற்றம் நிறைவுறாத திரவத்தில் நடுநிலை மூலக்கூறுகளும் கலந்திருக்கும். வெப்பமேற்றும்போது புரோட்டான் அமிலத்துக்கே மீள, அமிலமும் அமீனும் ஆவியாகின்றன. இரண்டும் சம அளவில் வெளியேறாவிடின், எஞ்சும் திரவத்தின் இயைபே மாறிவிடும். ஆகவே ஆவியாகாமை என்பது இவ்வகை முழுமைக்கும் உரிய இயல்பன்று.

கரைப்பான் என்னும் பயன்

இவ்வகையின் உண்மையான சிறப்புகள் வேறிடத்தில் உள்ளன. எத்தில் அம்மோனியம் நைட்ரேட் நீரைப் போன்றே முப்பரிமாண ஹைட்ரஜன் பிணைப்பு வலையை உடையது. அதில் பரப்பு இயங்குபொருள்கள் மைசெல்களாகத் திரள்வதை எவன்ஸ் குழுவினர் 1980களில் நிறுவினர். ஆயினும் ஆக்சிஜனேற்றியான நைட்ரேட்டும் எரியக்கூடிய கரிமத் தொகுதியும் ஒருங்கே அமைந்த அவ்வுப்பை மிகுதியாகச் சூடேற்றுவது இடர் தருவது. இதனையும் பசுமைக் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

தொழில்துறை வெற்றிக்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது, பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 2002இல் அறிமுகப்படுத்திய 'பேசில்' முறையாகும். வினையில் வெளிப்படும் ஹைட்ரஜன் குளோரைடை 1-மெத்தில் இமிடசோல் பற்றிக்கொண்டு, ஏறத்தாழ 75 டிகிரியில் உருகும் உப்பாகிறது. முன்னர்த் திண்மமாகப் படிந்து வடிகட்டலுக்கு இடையூறாயிருந்த கழிவு, இங்கே தனித் திரவ அடுக்காகப் பிரிகிறது. எனினும் இம்முறையில் அயனித் திரவம் கரைப்பானாகச் சேர்க்கப்படவில்லை. விளைபொருளிலிருந்து எளிதில் பிரியும் துணைப்பொருளாகவே அது தோன்றுகிறது. இதனைக் கரைப்பான் பயனுக்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது.

கரைப்பான் பயனுக்கு ஏற்ற சான்று ட்ரைஎத்தில் அம்மோனியம் ஹைட்ரஜன் சல்ஃபேட் ஆகும். விலை குறைந்த அமிலமும் அமீனும் சேர்ந்து உருவாகும் இதனை, லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் நீர் கலந்து பயன்படுத்தி, தாவரப் பொருளிலிருந்து லிக்னினைக் கரைத்துப் பிரித்துள்ளனர். கந்தக அமிலம் வலிமை மிக்கதாதலின் பி.கே.ஏ. வேறுபாடு 10ஐக் கடக்கிறது. பரிமாற்றமும் ஏறக்குறைய நிறைவுறுகிறது. ஆனால் லிக்னினைப் படியவைக்கச் சேர்க்கும் நீரை மீண்டும் ஆவியாக்க ஆற்றல் செலவாகிறது. பசுமைத் தகுதி கரைப்பானின் இயல்பால் மட்டுமின்றி, அதனை மீட்கும் முறையாலும் அமைகிறது என்பது இதனால் பெறப்படும்.

முடிவுரை

எளிய நடுநிலையாக்கலால், துணை விளைபொருளின்றி இத்திரவங்களை உருவாக்க இயல்வது இடம்பெயரக்கூடிய புரோட்டானால்தான். அவற்றின் நிலைப்பாட்டை ஐயத்துக்குரியதாக்குவதும் அதே புரோட்டானே. நிறையும் குறையும் ஒரே வேரிலிருந்து தோன்றுவதால், ஒன்றை மட்டும் எடுத்துரைப்பது ஆய்வு நெறியாகாது. அமில–கார விகிதம், நீரளவு, அயனித்தன்மை, மீட்புக்கான ஆற்றல் ஆகிய நான்கையும் அளந்து தராத எந்த ஆய்வும், தான் ஆராயும் திரவத்தைப் பசுமைக் கரைப்பான் என அழைக்கும் தகுதியைப் பெறாது.