சவரக் கத்தியின் கனமும் குரலும்

பழைய சவரக் கத்திகள் எல்லாம் ஒன்றல்ல. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த பழைய கத்தி ஆப்பு வடிவில் தடித்துக் கனத்திருக்கும். அந்தக் கனமே தாடியை வெட்டும். கை அமுக்கத் தேவையில்லை. நாலு நாள் வளர்ந்த முரட்டுத் தாடிக்கு அதுதான் சரி.

ஜெர்மனியின் சோலிங்கன் கத்தி இரு பக்கமும் குடைந்து மெலிந்தது. கட்டைவிரல் நகத்தில் வைத்து லேசாக அழுத்தினால் வாய் நெளிவது கண்ணுக்குத் தெரியும். மயிரை அறுக்கும்போது மெல்லிய ரீங்காரம் எழும். தாடை வளைவில் அதன் நளினமே நளினம். கை கொஞ்சம் கோணினாலோ ரத்தம்தான்.

இலங்கையின் சப்ரகமுவத் தோட்டப்புறத்தில் இவற்றைப் பேணுவதே பெரிய வேலை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கார்பன் உருக்குக்குச் சீக்கிரம் துரு ஏறும். ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவி வைக்க வேண்டும். தோல்வாரில் தீட்டும்போது முதுகு முன்னே போகட்டும். வாய் முன்னே போனால் வாரும் கிழியும், கத்தியும் கெடும். பால்வெட்டுக் கத்தியைத் தீட்டிப் பழகிய கேகாலை இறப்பர் தோட்டத்துக் கைகளுக்கு இந்தப் பக்குவம் எளிதில் பிடிபடும்.

நோய்த்தொற்றுக்கு அஞ்சி சலூன்கள் மாற்று பிளேடுக்குப் போனது நியாயமே. வீட்டில் தாத்தாவின் கத்தி கிடந்தால் மட்டும் எறிந்துவிடாதீர்கள். வாய் உடையாத கத்தியைத் தீட்டித் தேற்றிவிடலாம்.